இங்கிலாந்தின் இடைக்காலப் பங்குத் தேவாலயம்: வெளிச்சுவர் முதல் பலிபீடம் வரை பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால், அங்கே இருப்பதிலேயே வயதான கட்டடம் பெரும்பாலும் தேவாலயமாகத்தான் இருக்கும். 1540-க்கு முன் கட்டப்பட்ட பங்குத் தேவாலயங்கள், அதாவது அந்தந்த ஊராரின் வழிபாட்டுக்கான தேவாலயங்கள், 8,000-க்கு மேல் இன்றும் நிற்கின்றன. வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போன நம்மவர்கள் பெரிய பேராலயங்களைப் பார்க்கக் கட்டணம் கட்டி வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் பக்கத்துக் கிராமத்தில் காசு கேட்காமல் கதவு திறந்து கிடக்கும் எண்ணூறு வருடக் கட்டடத்தைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்தச் சின்னக் கட்டடத்துக்காக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாசல் பலகையில் "12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்" என்று ஒற்றை வரி எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பி உள்ளே போனால் குழப்பம்தான் மிஞ்சும். தூண் ஒரு காலம், சன்னல் ஒரு காலம், கூரை வேறொரு காலமாக இருக்கும். இவற்றை ஒரே ஆள், ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டியது மிக அரிது. ஊரில் பணம் வந்தபோதெல்லாம் ஒரு பக்கத்தை உடைத்தார்கள், நீட்டினார்கள், உயர்த்தினார்கள். அதனால் பாணிகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, பழசும் புதுசும் ஒட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவதுதான் முக்கியம். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் அந்த ஒரு பழக்கத்துக்கான பயிற்சிதான்.

கையில் ஒரு பைனாகுலரும் ஒரு டார்ச் லைட்டும் இருந்தால் போதும். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத்தில் கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை இருந்தால் அது கோபுரம் உள்ள தேவாலயம். கறுப்பு வட்டத்தின் மேல் சிலுவை இருந்தால் ஊசிக்கோபுரம் உள்ளது.

படி 1: திசையைப் பிடியுங்கள், இரண்டு பாகங்களைப் பிரியுங்கள்

பலிபீடம் கிழக்கே இருக்கும். கோபுரம் இருந்தால் பெரும்பாலும் மேற்கே. மக்கள் நுழையும் வாசல் பெரும்பாலும் தெற்கே. இந்த மூன்றும் தெரிந்தால் எந்தத் தேவாலயத்திலும் வழி தவறாது.

உள்ளே இரண்டு முக்கியப் பாகங்கள். சபையார் நிற்கும் நீண்ட கூடத்துக்கு நேவ் என்று பெயர். அதற்குக் கிழக்கே, குருவும் பலிபீடமும் இருக்கும் பகுதி சான்சல். நேவின் இருபுறமும் தூண்வரிசைக்கு அப்பால் பக்கக்கூடங்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இந்த இரண்டு பாகங்களும் ஏன் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கின்றன என்பதற்குக் காரணம் செலவுக் கணக்கில் இருக்கிறது. நேவைப் பராமரிப்பது ஊர்மக்களின் கடமை. சான்சலைப் பராமரிப்பது ரெக்டரின், அதாவது ஊரின் தசமபாகத்தை வாங்குகிறவரின் கடமை. பல ஊர்களில் அந்த ரெக்டர் உரிமை தொலைவில் இருந்த ஒரு துறவுமடத்திடம் இருந்தது. மடத்துக்கு வருமானம்தான் முக்கியம். ஆகவே நேவ் உயர்ந்து ஓங்கியும் சான்சல் பழைய சின்ன அறையாகவும் இருந்தால், ஊரார் செலவழித்தார்கள், ரெக்டர் கையை மூடிக்கொண்டார் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். நேர்மாறாக இருந்தால் ரெக்டர் வசதியானவர், ஊரிலேயே அக்கறை கொண்டவர். இந்தக் கடமை இன்றும் முழுதாக மறையவில்லை. வார்விக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில், ஒரு பண்ணை நிலத்தோடு சேர்ந்தே வந்த சான்சல் பழுதுபார்ப்புப் பொறுப்பை அந்த நிலத்தின் உரிமையாளர்கள்தான் ஏற்க வேண்டும் என்று, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 2003-இல் தீர்ப்பளித்தது.

படி 2: உள்ளே போகாதீர்கள், முதலில் வெளியே ஒரு சுற்று

கதவு திறந்திருக்கிறதே என்று நேராக உள்ளே நுழைவதுதான் எல்லாரும் செய்வது. கட்டடத்தின் கதையில் பாதி வெளிச்சுவரிலேயே இருப்பதால் முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள், வடக்குப் பக்கத்தையும் விடாமல். தெற்குப் பக்கம்தான் ஊரார் பார்க்கும் பக்கம். அழகுபடுத்தும் செலவெல்லாம் அங்கேதான் போகும். வடக்கே கை வைக்காமல் விட்ட பழைய சுவர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

தரையைப் பாருங்கள். கல்லறைத் தோட்டம் தேவாலயத்தின் தரையைவிட உயர்ந்து, சுவரை ஒட்டிப் பள்ளம் வெட்டியிருக்கும். நூற்றாண்டுக் கணக்காக ஒரே இடத்தில் அடக்கம் செய்ததால் மண் மேடானது.

அடுத்தது கல். போக்குவரத்துச் செலவு கல்லின் விலையைவிட அதிகமாக இருந்த காலம் அது. பக்கத்தில் கிடைத்ததைத்தான் போட்டார்கள். காட்ஸ்வோல்ட் மலைகளிலிருந்து வடகிழக்கே லிங்கன்ஷயர் வரை ஓடும் சுண்ணாம்புக்கல் பட்டையில் செதுக்கு வேலை நுணுக்கமாக இருக்கும். அந்தக் கல் உளிக்கு அவ்வளவு இசைவானது. நார்ஃபோக், சஃபோக் பகுதியில் கிடைப்பது ஃபிளின்ட் என்ற கடினமான உருண்டைக் கல். அதை வைத்து நேரான மூலை கட்ட முடியாது. மூலைக்கென்று தொலைவிலிருந்து நல்ல கல் வாங்கி வர வேண்டும். நார்ஃபோக்கில் மட்டும் 120-க்கு மேற்பட்ட வட்டக் கோபுரங்கள் இருப்பதற்கு இதுவே காரணம் என்பது பழைய விளக்கம். மூலைக்கல் வாங்க வசதியுள்ள ஊரிலும் வட்டக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள் என்பதால், அந்த வட்டாரத்தாருக்கு அது பிடித்தும் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அதே ஃபிளின்ட்டை உடைத்து, பளபளக்கும் கருமுகத்தை வெளியே காட்டி, வெள்ளைக் கல்லோடு சேர்த்துச் சுவரில் எழுத்தும் கோலமும் போடும் அளவுக்குத் தேறினார்கள்.

இப்போது ஒட்டுகளைத் தேடுங்கள். மூன்று இடங்களில் எளிதாகக் கிடைக்கும்.

சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு ஓடினால், அதன் இருபுறமும் கல்வரிசை ஒன்றோடொன்று பின்னாமல் நின்றால், அங்கே ஒரு கட்டடம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. நேவின் மேற்கு மூலையில், பக்கக்கூடம் வந்து சேரும் இடத்தில், பழைய நேவின் பெரிய மூலைக்கற்கள் சுவருக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும்.

கோபுரத்தின் கிழக்கு முகத்தைப் பாருங்கள். தலைகீழ் 'வி' வடிவத்தில் ஒரு தழும்பு தெரியலாம். பழைய கூரை அங்கே முட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூரை செங்குத்தாகச் சரிந்தது. வைக்கோலுக்கும் ஓட்டுக்கும் அந்தச் சரிவு வேண்டும். பின்னால் ஈயத்தகடு போடும் வசதி வந்ததும் கூரையைத் தட்டையாக்கிவிட்டார்கள். இன்றைய கூரை அந்தத் தழும்புக்கு மேலே இருந்தால், நேவின் சுவரையே உயர்த்தி, மேலே ஒரு சன்னல் வரிசை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் இந்த வேலை நடந்தது.

மூன்றாவது, அடைத்த வாசல்கள். சான்சலின் தெற்கில் குரு நுழையும் சின்ன வாசல் இருக்கும். நேவின் வடக்கில் ஒரு வாசல் அடைபட்டிருக்கும். ஞானஸ்நானத்தின்போது பிசாசு வெளியேறத் திறந்து வைத்த வாசல் என்று ஊரில் கதை சொல்வார்கள். இடைக்காலத் திருவிழாப் பவனிகள் வடக்கு வாசல் வழியாகப் போய் வந்தன; 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு பவனிகள் நின்றதும், குளிர்காற்று வரும் அந்த வாசலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இந்த விளக்கம்தான் எனக்கு ஏற்புடையது.

படி 3: சன்னல்களை வரிசைப்படுத்துங்கள்

காலத்தைக் கணிக்க மிக எளிய வழி சன்னல்தான். இன்று எல்லாரும் பயன்படுத்தும் பாணிப் பெயர்களைப் பரவலாக்கியவர் கட்டடக் கலைஞர் தாமஸ் ரிக்மன், 1817-இல். பெயர்கள் இருக்கட்டும், ஒரு வடிவத்திலிருந்து அடுத்தது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பெயர் தானாகவே நினைவில் நிற்கும்.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முந்திய சாக்சன் சன்னல் மிகச் சின்னது. மேலே ஒற்றைக் கல்லில் குடைந்த வட்ட வளைவு, அல்லது இரண்டு கல்லை ஒன்றோடொன்று சாய்த்து வைத்த முக்கோணம். டரம் பகுதியில் எஸ்கம் என்ற சிற்றூரின் தேவாலயம் 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. ஒடுங்கி உயர்ந்த கூடம், உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம். கற்கள் பக்கத்திலிருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. வடக்குச் சுவரில் ஒரு கல்லில் ரோமானியப் படையின் ஆறாம் லெஜியன் என்ற படைப்பிரிவைக் குறிக்கும் எழுத்துகள் இன்றும் தெரிகின்றன, தலைகீழாக. வைத்த கொத்தனுக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை, நல்ல சதுரக் கல்லாகத் தெரிந்திருக்கிறது.

நார்மன் காலத்தில், அதாவது 1066-க்குப் பிறகு நூற்றிருபது வருடங்களுக்கு, சன்னல் இன்னும் வட்ட வளைவுதான். சுவர் ஒரு மீட்டர் தடிமன். நடுவில் கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். வெளியே ஒடுக்கமான பிளவு, உள்பக்கம் அகன்று விரியும். வாசல்களில்தான் இவர்கள் கைத்திறனைக் கொட்டினார்கள்: அடுக்கடுக்கான வளைவுகள், அவற்றில் கூர்கூராக ஏறி இறங்கும் கோடுகள். வேல்ஸ் எல்லையருகே ஹியர்ஃபோர்ட்ஷயரின் கில்பெக் தேவாலயம், ஏறத்தாழ 1140-ஐச் சேர்ந்தது, இதற்குச் சிகரம். சிவப்பு மணற்கல். தெற்கு வாசலில் பின்னிக்கிடக்கும் பாம்புகளும் கொடிகளும். கூரைக்குக் கீழே சுவரைச் சுற்றி 80-க்கும் மேற்பட்ட சிறு தலைகள். அவற்றில் ஒரு நாயும் முயலும் பக்கத்தில் பக்கத்தில், பெரிய கண்களோடு. பைனாகுலரை மறக்காதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

1180-கள் வாக்கில் வளைவின் தலை கூர்மையானது. வட்ட வளைவில் அகலம் முடிவானால் உயரமும் முடிவாகிவிடும். கூர் வளைவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பாரத்தையும் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் கீழ்நோக்கி இறக்கும். உதைசுவர்களை வெளியே வைத்துவிட்டால் நடுச்சுவரை மெலிதாக்கலாம். அந்தக் காலச் சன்னல் உயரமாக, ஒல்லியாக, ஈட்டிமுனை வடிவில் இருக்கும். லான்செட் என்பார்கள். கிழக்குச் சுவரில் மூன்று லான்செட்டுகள் சேர்ந்து நின்றால் 13-ஆம் நூற்றாண்டில் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கிருந்துதான் சுவாரசியம் தொடங்குகிறது. இரண்டு லான்செட்டுகளைப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரே பெரிய வளைவைப் போட்டால் நடுவில் வெறும் கல் முகம் ஒன்று மிஞ்சும். அதில் ஒரு வட்டத் துளை போட்டார்கள். பிறகு ஒருவருக்குத் தோன்றியது: அந்தக் கல்லையே எடுத்துவிட்டு, மெல்லிய கல் சட்டங்களால் வட்டத்தைத் தாங்கினால் என்ன? 1250-க்குப் பிறகு இந்தச் சட்ட வேலை ஊர்க்கோயில்களுக்கும் பரவியது. முதலில் காம்பஸால் வரைந்த வட்டங்களும் மூவிதழ்களும். 1300 வாக்கில் சட்டங்கள் 'ஒய்' போலப் பிரிந்து ஒன்றையொன்று குறுக்கே வெட்டின. பிறகு உள்ளும் வெளியுமாக வளையும் இரட்டை வளைவு வந்தது. அதற்கு ஓஜீ என்று பெயர். அது வந்ததும் கல் தீச்சுடர் மாதிரி நெளியத் தொடங்கியது. 1320 முதல் 1350 வரையான அந்த முப்பது வருடங்களை நான் இங்கிலாந்துக் கற்தச்சர்களின் உச்சம் என்பேன். லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டனில் கிழக்குச் சன்னல் ஏழு பிரிவுகளாக எழுந்து மேலே இலைகளாக விரிவதைப் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

அப்புறம் எல்லாம் நேராகிவிட்டது. செங்குத்துப் பாணியில் சட்டங்கள் அடியிலிருந்து கிளம்பி நெளியாமல் வளைவின் விளிம்பு வரை ஓடும், குறுக்கே கிடைச்சட்டங்கள். வளைவின் தலை தாழ்ந்து தட்டையாகும். சுவர் குறைந்து கண்ணாடி பெருகும். 1348-இல் வந்த பெரும் கொள்ளைநோய் கற்தச்சர்களைக் கொன்றுவிட்டதால் எளிய பாணிக்கு மாறினார்கள் என்று சொல்வது வழக்கம். ஆனால் அன்று மடமாக இருந்த குளாஸ்டர் பேராலயத்தில் இந்தப் பாணி 1330-களிலேயே வந்துவிட்டது. நோய் அதைப் பரப்ப உதவியிருக்கலாம், பெற்றெடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சன்னலின் வயது சுவரின் வயது ஆகாது. வெளிச்சம் போதவில்லை என்று பழைய சுவரை உடைத்துப் புதுச் சன்னல் வைப்பது மிகச் சாதாரணம். சன்னலைச் சுற்றியுள்ள கல்வரிசை கலைந்திருக்கிறதா, பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு வட்ட வளைவு எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: முகமண்டபத்தில் நில்லுங்கள்

தெற்கு வாசலுக்கு முன் இருக்கும் முகமண்டபத்தில் திருமணத்தின் முதல் பகுதி நடந்தது, ஞானஸ்நானச் சடங்கு தொடங்கியது, ஊர்க்கணக்கும் பேசினார்கள். வாசலுக்கு வலப்பக்கம் உடைந்த சின்னக் கல்கிண்ணம் இருந்தால் அது தீர்த்தக் கிண்ணம். வாசலின் பக்கக்கற்களில் நடுவில் ஒரு துளையும் அதிலிருந்து விரியும் கோடுகளும் கீறியிருந்தால் அது பூசை நேரம் காட்டிய சூரியக் கடிகாரம். துளையில் ஒரு குச்சி செருகியிருப்பார்கள். வெயிலே படாத முகமண்டபத்துக்குள் அது இருந்தால், மண்டபம் பிற்காலத்தது என்று அந்தக் கீறலே சொல்லிவிடுகிறது.

படி 5: மேற்குக் கோடியில் நின்று கிழக்கே பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் மேற்கே, ஞானஸ்நானத் தொட்டி அருகே போய் நில்லுங்கள். சபைக்குள் நுழையும் சடங்கு என்பதால் அது வாசலருகே இருக்கும். கட்டடத்தையே பலமுறை மாற்றிய ஊரார் தொட்டியை மட்டும் பெரும்பாலும் மாற்றவில்லை. 15-ஆம் நூற்றாண்டு நேவில் 12-ஆம் நூற்றாண்டுத் தொட்டி இருப்பது சகஜம். அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடங்களில் கல் பெயர்ந்து ஒட்டுப்போட்டிருக்கலாம். மந்திரித்த நீரை மாந்திரீகத்துக்குத் திருடுகிறார்கள் என்று, மூடிபோட்டுப் பூட்ட 1236-இல் கேன்டர்பரி பேராயர் உத்தரவிட்டார். அந்தப் பூட்டுக்கொக்கிகளைப் பிடுங்கிய தழும்பு அது.

இப்போது தூண்வரிசையைப் பாருங்கள். பருத்த வட்டத் தூண், மேலே சதுரக் கல், வட்ட வளைவு என்றால் நார்மன். தூண் மெலிந்து, வளைவு கூர்ந்து, தூண்தலையில் ஆழமாகச் செதுக்கிய இலைகள் சுருண்டிருந்தால் 13-ஆம் நூற்றாண்டு. எண்கோணத் தூண் 200 வருடங்களுக்கு மேல் புழங்கியது என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். இருபுறமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வடக்கு வரிசை வட்ட வளைவும் தெற்கு வரிசை கூர் வளைவுமாக இருந்தால், முதலில் வடக்கே விரித்தார்கள், ஒரு தலைமுறை கழித்துத் தெற்கே விரித்தார்கள்.

பக்கக்கூடம் சேர்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பூசை நிற்கக் கூடாது. ஆகவே பழைய நேவைத் தொடாமல், வெளியே சற்றுத் தள்ளிப் புதுச் சுவரையும் கூரையையும் முதலில் முடித்தார்கள். பிறகு பழைய சுவரில் ஒவ்வொரு இடமாக வெட்டி, தூணும் வளைவும் செருகி, அடியிலிருந்த கல்லை அகற்றினார்கள். வளைவுகளுக்கு மேலே இன்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பழைய வெளிச்சுவர்தான். வளைவுகளுக்கு நடுவே, உயரத்தில், அடைபட்ட ஒரு சின்ன வட்டத்தலைச் சன்னல் தெரிகிறதா? சில இடங்களில் வளைவு அந்தச் சன்னலின் அடிப்பாதியைத் தின்றிருக்கும். ஒரு காலத்தில் வயல்வெளியைப் பார்த்திருந்த சன்னல் அது.

படி 6: சுவர்க்குழிகளை எண்ணுங்கள்

சான்சலின் தெற்குச் சுவரில், பலிபீடத்துக்கு அருகே, வடிகால் துளையோடு ஒரு சின்னக் கல் தொட்டி இருக்கும். பிசீனா. பூசைப் பாத்திரம் கழுவிய நீர் அதன் வழியாக மந்திரித்த மண்ணுக்குள் இறங்கும். இதே பிசீனா பக்கக்கூடத்தின் கிழக்குக் கோடியில் இருந்தால், அங்கேயும் ஒரு பலிபீடம் இருந்தது. பீடம் போய் 470 வருடங்கள் ஆகியிருக்கலாம், குழி காட்டிக்கொடுக்கும். பலிபீடம் எத்தனை என்று தெரிய பிசீனாவை எண்ணினால் போதும்.

அதற்குப் பக்கத்தில் படிப்படியாக மூன்று கல் இருக்கைகள்: பூசை நடத்தும் குருவுக்கும் உதவியாளர் இருவருக்கும். எதிர்ப்புறம், வடக்குச் சுவரில் பாத்திர அலமாரி. சான்சல் வளைவுக்குப் பக்கத்தில் சுவரைச் சாய்வாகக் குடைந்த ஓட்டை இருந்தால் அதில் கண்ணை வைத்துப் பாருங்கள். நேராகப் பலிபீடம் தெரியும்.

வடக்குச் சுவரில் அபூர்வமாக ஈஸ்டர் கல்லறை கிடைக்கும். பெரிய வெள்ளியன்று நற்கருணையை, அதாவது பூசையில் அர்ப்பணித்த அப்பத்தை, அடக்கம் செய்வதுபோல் அதற்குள் வைத்து, ஈஸ்டர் விடியலில் வெளியே எடுப்பார்கள். ஹெக்கிங்டனில் இருப்பது 1330 வாக்கிலானது. கீழ்வரிசையில் காவல் வீரர்கள் நான்கு பேர் ஓஜீ வளைவுகளுக்குள் மடங்கித் தூங்குகிறார்கள். நடுவில் வெறுமையான குழி. அதன் பக்கத்தில் வானதூதரும் பெண்களும். உச்சியில் உயிர்த்த கிறிஸ்து. சுற்றிலும் இலைகள் கல் என்பதையே மறந்து சுருள்கின்றன. இவ்வளவு செலவு எங்கிருந்து வந்தது? அந்த ஊர் ரெக்டர் ரிச்சர்ட் டி போட்ஸ்கிரேவ் மன்னர் சபையின் குரு. அவர் கல்லறை பக்கத்திலேயே, அதே சுவரை ஒட்டி இருக்கிறது. சான்சல் பெரிதாக இருந்தால் ரெக்டரைத் தேடுங்கள் என்று முதல் படியில் சொன்னது நினைவிருக்கும்.

படி 7: இல்லாததைப் பாருங்கள்

நீங்கள் நிற்கும் வெண்மையான, அமைதியான அறை இடைக்கால ஊராருக்கு அடையாளமே தெரியாது. அவர்கள் அறிந்த சுவர்களில் ஓவியம் நிறைந்திருந்தது. சான்சல் வளைவுக்கு மேலே இறுதித் தீர்ப்பு: ஒரு பக்கம் விண்ணகம், ஒரு பக்கம் நரகத்தின் வாய். வளைவுக்குக் குறுக்கே செதுக்கிய மரத்தடுப்பு, அதன்மேல் ஆள் ஏறி நடமாடும் மேடை, மேடைமேல் பெரிய சிலுவை, இருபுறமும் மரியாளும் யோவானும்.

சிலைகளை அகற்றும் உத்தரவு 1547-இலும், கல் பலிபீடங்களை உடைக்கும் உத்தரவு 1550-இலும், மேடைகளை இறக்கும் உத்தரவு எலிசபெத் ஆட்சியில் 1561-இலும் வந்தன. சிலுவை போன இடத்தில் அரச முத்திரை ஏறியது. தடுப்பின் அடிப்பாகத்தைப் பல ஊர்களில் விட்டுவைத்தார்கள். அதில் தீட்டிய புனிதர்களின் முகங்கள் மட்டும் சுரண்டப்பட்டிருக்கும். சான்சல் வளைவின் பக்கச் சுவரில், தலைக்கு வெகு மேலே, எங்கும் போகாத ஒரு சின்ன வாசல் திறந்திருந்தால் அதுதான் மேடைக்குப் போன வழி. அதற்கான படிக்கட்டு சுவருக்குள்ளேயே இருக்கும்.

அழித்தது சில இடங்களில் திரும்பி வந்துவிட்டது. சஃபோக்கின் வென்ஹாஸ்டனில் 1892-இல் பழுதுபார்த்தபோது, சான்சல் வளைவை அடைத்திருந்த வெள்ளையடித்த பலகைகளைக் குப்பை என்று கல்லறைத் தோட்டத்தில் வீசினார்கள். இரவில் மழை பெய்து சுண்ணாம்பைக் கழுவியது. காலையில் பலகையில் இறுதித் தீர்ப்பு ஓவியம். நடுவில் ஓவியம் இல்லாத வெற்று இடங்கள் சிலுவையின் உருவத்தில் இருக்கின்றன; சிலுவையும் சிலைகளும் அங்கேதான் ஒட்டி நின்றன. நார்ஃபோக்கின் பின்ஹமில் மரத்தடுப்பின் புனிதர்களை வெள்ளையடித்து, அதன்மேல் கறுப்பெழுத்தில் ஆங்கில வேதவசனம் எழுதினார்கள். இப்போது அந்தப் பூச்சு உதிர, எழுத்துகளுக்கு நடுவிலிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கின்றன.

இதெல்லாம் ஊராரின் சம்மதத்தோடு நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். லிங்கன்ஷயரின் லௌத் ஊரார் 1501 முதல் 1515 வரை காசு திரட்டி, ஏறத்தாழ 90 மீட்டர் உயர ஊசிக்கோபுரம் எழுப்பினார்கள். 1536 அக்டோபரில் தங்கள் தேவாலயத்தின் வெள்ளிப் பாத்திரங்களை அரசு பறிக்கப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், லிங்கன்ஷயர் கிளர்ச்சி அந்தத் தேவாலயத்திலிருந்துதான் தொடங்கியது.

படி 8: டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள்

நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. ஒளி சுவரை உரசிப் போகும்படி பிடித்தால் கீறல்கள் எழும்: கப்பல்கள், காம்பஸால் போட்ட ஆறிதழ்ப் பூக்கள், பெயர்கள், கற்தச்சர் குறிகள். ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல்லில் கோபுரத்தின் உட்சுவரில் லத்தீனில் கீறிய வரிகள் உள்ளன. 1350-இன் கொள்ளைநோயை இரங்கத்தக்கது, கொடியது, வெறிபிடித்தது என்று சொல்லி, மிஞ்சிய கேடுகெட்ட மக்களே சாட்சி என்கிறது கீறல். கூடவே, 1362 ஜனவரியில் புனித மௌரஸ் திருநாளன்று வீசிய பெரும்புயலையும் பதிந்திருக்கிறது. எழுதியவர் யாரோ, கத்திமுனையால் சுண்ணாம்புக்கல்லில் எழுதியிருக்கிறார்.

படி 9: அண்ணாந்து பாருங்கள், பிறகு பணம் யாருடையது என்று கேளுங்கள்

கிழக்கு இங்கிலாந்தில் இருந்தால் கூரைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அகலமான நேவை ஒரே உத்தரத்தால் தாண்டுவது கடினம். ஆகவே இருபுறச் சுவரிலிருந்தும் குட்டையான ஓக் உத்தரங்களை நீட்டி, அவற்றின் நுனியிலிருந்து மேலே கட்டினார்கள். ஹேமர்பீம் கூரை என்பது இதுதான். அந்த நுனிகளில் இறக்கை விரித்த தேவதூதர்களைச் செதுக்கினார்கள். கேம்பிரிட்ஜ்ஷயரின் மார்ச் நகரில், புனித வென்ட்ரெடா தேவாலயத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தலைக்கு மேல் பறக்கிறார்கள்.

இந்தப் பணம் பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலும் துணியிலும் வந்தது. சஃபோக்கின் லாவன்ஹம் கோபுரத்தை எழுப்பியதில் ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு டி வேருக்கும் துணி வியாபாரி தாமஸ் ஸ்பிரிங் குடும்பத்துக்கும் பங்குண்டு. பிரபுவின் நட்சத்திரமும் வியாபாரியின் குறியும் சுவரிலேயே இருக்கின்றன. காட்ஸ்வோல்டின் நார்த்லீச்சில், 1458-இல் இறந்த ஜான் ஃபோர்ட்டியின் கல்லறைப் பித்தளைத் தகட்டில் அவர் உருவம் ஒரு கால் ஆட்டின்மேலும் மறுகால் ரோம மூட்டையின்மேலும் நிற்கிறது. சஃபோக்கின் லாங் மெல்ஃபர்டில் மேல்சன்னல்களின் கீழே ஃபிளின்ட்டில் பதித்த எழுத்துகள் சுவர் நெடுக ஓடுகின்றன: இன்னாருடைய ஆன்மாவுக்காக மன்றாடுங்கள் என்று. இறந்தபின் பாவம் கழிய உத்தரிக்கும் தலத்தில் தவிக்கும் ஆன்மாவுக்கு உயிரோடிருப்பவர்களின் மன்றாட்டு உதவும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கழித்துவிட்டால் 15-ஆம் நூற்றாண்டின் பாதிக் கோபுரங்கள் எழுந்திருக்காது.

படி 10: விக்டோரியா காலத்தைக் கழியுங்கள்

1840 முதல் 1880 வரை ஏறக்குறைய எல்லாத் தேவாலயங்களிலும் கை வைத்தார்கள். கூர்மை மழுங்காத கல், பளபளக்கும் வண்ணத் தரை ஓடுகள், ஒரே அளவில் செய்த பைன் மர இருக்கைகள், காரையைச் சுரண்டி வெறுங்கல்லாக்கிய உட்சுவர் ஆகியவை இவர்களின் அடையாளம். வெறுங்கல் பழமையாகத் தெரியும். ஆனால் இடைக்காலத்தவர் உட்சுவரைப் பூசாமல் விட்டது அரிது. இந்தச் சுரண்டலை எதிர்த்துத்தான் வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கோபம் நியாயமானது. அதே சமயம், ஒழுகிச் சரிந்துகொண்டிருந்த பல கூரைகள் அந்த விக்டோரியர்களால்தான் நின்றன என்பதையும் நான் மறுக்கமாட்டேன்.

எங்கே தொடங்கலாம்?

பூட்டியிருந்தால் முகமண்டப அறிவிப்பைப் பாருங்கள். சாவி எந்த வீட்டில் கிடைக்கும் என்று எழுதியிருக்கும். தயங்காமல் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள். வழிபாடு நின்றுபோன 350-க்கு மேற்பட்ட தேவாலயங்களைச் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் பராமரிக்கிறது. அவற்றில் பல பகலில் திறந்திருக்கும். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள்.

கார் இல்லாதவர்கள் பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் ரயில் நிலையத்தில் இறங்கலாம். அங்கே புனித லாரன்ஸ் என்ற சாக்சன் தேவாலயம் வீடாகவும் பள்ளியாகவும் மாறி, அடையாளமே மறந்து, 19-ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. நார்மன் பாணிக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேம்ஸ் கரையோரமாக நடந்து இஃப்லி போங்கள். மார்ச் நகருக்கும் ரயில் உண்டு. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஹெக்கிங்டன். கிராந்தம்-ஸ்கெக்னஸ் தடத்தில் ஸ்லீஃபர்டுக்கு அடுத்த நிறுத்தம். நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.